மைனியிடம் நான் சொன்ன பொய்

மைனி செத்துப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஊரில் ஒட்டிய போஸ்டரில் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று போட்டிருந்தார்கள். அவள் பார்த்திருந்தால், "செத்தவளச் செத்தாண்ணு போடுகதுக்கு என்ன கேடு?" என்று கேட்டிருப்பாள். அதனால் நான் அவள் முறைப்படியே எழுதுகிறேன்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்போம். அவளுடைய கணவர் எனக்குத் தூரத்துப் பெரியப்பா மகன். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஹவில்தாராக ஊர் திரும்பியவர். ஒரே மகன், அவனும் பட்டாளம். வீடு சிதறாலுக்குப் போகும் வழியில் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது. வீட்டில் ஒரு பசு. நான் அந்தப் பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் உதவியாளன். ஊர் என்னைக் கம்பவுண்டர் என்று கூப்பிடும், நானும் மறுப்பதில்லை.

முதல் தடவை அந்தப் பசுவுக்கு ஊசி போடப் போனபோது மைனி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொஞ்சம் நில்லு தம்பி. சொல்லல்ல."

"யாருக்கிட்ட?"

"மாட்டுக்கிட்டதான். குத்து வாங்கப் போறது அதுல்லா?"

பசுவின் முகத்துக்கு நேரே போய் நின்றாள். "இவன் இப்பம் ஊசி போடப் போறான். நோவும். கொஞ்ச நேரம் நோவும், பொறுத்துக்கோ" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, போடு என்று தலையை ஆட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தொழிலின் முதலே 'ஒண்ணும் செய்யாது' என்கிற இரண்டு சொல்தான். மாட்டுக்காரன், ஆட்டுக்காரன், கோழி வளர்க்கிறவன் என்று எல்லோரிடமும் அதைச் சொல்லித்தான் நான் பெயர் வாங்கியிருந்தேன். அந்த வீட்டில் மட்டும் அது செல்லுபடியாகவில்லை. போகப் போக நானே பசுவிடம் நோவும் என்று சொல்லிவிட்டுக் குத்தத் தொடங்கினேன். மைனி சாயாவோடு நின்று, "இப்பம் நீ ஒரு மனுசன்" என்பாள்.

இனயத்திலிருந்து மீன் கொண்டுவரும் ஒரு அக்கா உண்டு. தலையில் அலுமினியப் பாத்திரத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கி வீடு வீடாகப் போவாள். எந்த மீனைக் கேட்டாலும் இப்போதுதான் கரையேறியது என்பாள். மைனி மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நேத்தைய மீனுண்ணு சொல்லு, வாங்குதேன்" என்பாள். அந்த அக்கா கடல் அம்மாவில் தொடங்கி மாதாவரை எல்லோர் மேலும் சத்தியம் செய்வாள். மைனி வாங்க மாட்டாள். ஒரு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் அந்த அக்காவே வாசலில் பாத்திரத்தை இறக்கி, "இது ஐஸு மீனுதான் தாயி, எடுத்தா எடு, எடுக்காட்டா போ" என்று கத்தினாள். மைனி இரண்டு கிலோ எடுத்தாள். அதே மீனை அடுத்த வீட்டில் புது மீன் என்று சந்தோஷமாக வாங்கினார்கள்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. கிழக்கு வீட்டில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். வயிற்றில் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் அவரிடம் குடல் புண் என்று சொல்லி வைத்திருந்தார்கள். ஒருநாள் அவர் வேலி ஓரம் வந்து நின்று மைனியைக் கேட்டார், மைனி சொல்லிவிட்டாள். அவர் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அவருடைய மனைவி நடுரோட்டில் நின்று மைனியை வாய்க்கு வந்தபடி ஏசினாள். மைனி வாசலிலேயே நின்று ஒரு சொல் விடாமல் கேட்டாள். உள்ளே போகவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை.

"ஏன் மைனி இப்படிச் செஞ்சீங்க?" என்று நான் சண்டைக்கே போனேன்.

"கேட்டான், சொன்னேன். கேக்காம இருந்திருந்தா நானாப் போய்ச் சொல்லியிருக்க மாட்டேன். வீட்டுல அஞ்சு பேரு இருக்க, வேலி தாண்டி வந்து எனக்கிட்ட கேக்கான்னா அவன் என்னத்துக்குக் கேக்கான்?"

அதில் எனக்கு இன்றைக்கும் சம்மதம் இல்லை. அந்த மனிதர் செத்த பிறகும் அந்த வீட்டோடு மைனிக்குப் பேச்சு வார்த்தை ஏற்படவில்லை. ஊரில் பல பெண்களுக்கு அவளிடம் ஒரு பயம் இருந்தது. புதுப் புடவை கட்டினால் அந்த வழியாகப் போக மாட்டார்கள்.

மகன் பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்று குழித்துறை ஸ்டேஷனுக்கு நாங்கள் ஒரு வேன் நிறையப் போயிருந்தோம். ஆளாளுக்கு, ஒண்ணும் ஆகாது, தைரியமாகப் போ என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மைனி அவன் சட்டைக் காலரைச் சரி செய்தபடி, "அதுல சாவும் உண்டு மக்கா. தெரிஞ்சுதான போற?" என்றாள். சுற்றி நின்றவர்களுக்கு முகம் செத்துவிட்டது. அவன் மட்டும் சிரித்தான். "தெரியும்மா" என்றான். "அப்பம் போ. எங்க இருந்தாலும் எனக்கிட்ட உள்ளதச் சொல்லணும்" என்றாள்.

அவனும் சொன்னான். அவனை நாய்ப் படையில் போட்டார்கள். வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும் நாயோடு முன்னால் நடந்து போகிற வேலை. போனில் அப்பாவிடம் 'நல்லா இருக்கேன்' என்று முடித்துவிடுவான். அம்மாவிடம், "நாளைக்குப் போற வழி மோசம்மா, நாலு மணிக்கு மேல கூப்பிடுதேன்" என்பான். மறுநாள் நாலு மணி வரை மைனி வாயில் பச்சைத் தண்ணீர் படாது. உங்களுக்கு இது தேவையா என்று கேட்டால், "அவன் அங்க பயந்துகிட்டு நடக்கான். நான் இஞ்ச தெரியாம சோறு திங்கவா?" என்பாள்.

அந்தச் செய்தி ஒரு காலை பத்து மணிக்கு வந்தது. அண்ணன் தோட்டத்தில் ரப்பர் பால் எடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்திருக்கிறது. வழியில் புதைத்து வைத்திருந்த வெடி. அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை, கையில் வழிந்த பாலோடு நேராக என் ஆஸ்பத்திரிக்கு வந்து மாடு கட்டுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. வெளியூரில் ஒருவன் செத்தால், பெட்டி வாசலுக்கு வரும்வரை பெற்றவளுக்குத் தெரியக் கூடாது. கல்ஃபில் செத்தவர்களுக்காக வாரக் கணக்கில்கூட மறைத்திருக்கிறோம். ஒருத்தன் போஸ்ட்டில் ஏறி கேபிள் ஒயரைக் கழற்றிவிடுவான். ஒருத்தி போனைச் சார்ஜ் போடுவதாகச் சொல்லி வாங்கிப் போய்விடுவாள். பார்க்க வருகிறவர்கள் ரோட்டிலேயே அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு உள்ளே வருவார்கள். இதை நாங்கள் இரக்கம் என்றுதான் நினைக்கிறோம். இல்லை என்று முழுசாக மறுக்க எனக்கு இன்றும் தைரியம் இல்லை.

சபை வளாகத்தில் வைத்துப் பேசினோம். போதகர், வார்டு மெம்பர், சொந்தக்காரர்கள் நாலைந்து பேர். மைனியிடம் ஏதாவது சொல்லியாக வேண்டும், மகன் நாலு மணிக்குக் கூப்பிடுவான் என்று காத்திருப்பாள். யார் சொல்லுவது என்று வந்தபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் வீட்டில் நோவும் என்று சொல்லிப் பழகியவன் நான் ஒருவன்தான்.

"கால்ல அடி மைனி. ஆஸ்பத்திரியில இருக்கான். ரெண்டு நாளுல நாம போய்ப் பாக்கலாம்."

"கால் இருக்கா?"

"இருக்கு."

"உயிருக்கு?"

"ஒண்ணும் இல்ல மைனி."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "செரி" என்றாள். நம்பிவிட்டாள். வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அந்த ஒன்றரை நாளை நான் சாகும்வரை மறக்கப் போவதில்லை. நாங்கள் ஒளித்து ஒளித்து அழுதுகொண்டிருந்தோம், அவள் பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அங்கே குளிர் என்று அண்ணனின் பழைய கம்பளிச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள். மகனுக்குப் பிடிக்கும் என்று பலாச்சுளை வற்றல் பொரித்தாள். முறிவுக்குப் போடுகிற எண்ணெய் வேண்டும் என்று அருமனைப் பக்கம் முறிவு வைத்தியம் பார்க்கிற ஒரு ஆசானிடம் போக வேண்டும் என்றாள். என் பைக்கில்தான் வந்தாள். அடி எந்த இடத்தில் என்று ஆசான் கேட்டார். மைனி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என் வேட்டியை ஒதுக்கி, முட்டுக்குக் கீழே ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினேன். ஆசான் அதற்குத் தக்க எண்ணெயை அளந்து ஊற்றிக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் பந்தல்காரன் வந்து முற்றத்தில் நாற்காலிகளை இறக்கத் தொடங்கினான். அவனிடம் சாயங்காலம் வரச் சொல்லியிருந்தோம், யாரோ நேரத்தை மாற்றிச் சொல்லிவிட்டார்கள். சத்தம் கேட்டு மைனி வெளியே வந்தாள். நாற்காலிகளைப் பார்த்தாள். வாசலில் கூடி நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். என்னிடம் வந்து நின்றாள்.

"தம்பி, கால்ல அடிபட்டவனுக்கு என்னத்துக்குக் கசேர?"

மைனி திரும்பி உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். அலறவில்லை, மயங்கி விழவில்லை. அடுப்பை மட்டும் அணைத்தாள்.

பெட்டி சீல் வைத்து வந்தது. திறக்க வேண்டாம் என்றார்கள். அவள் அண்ணனிடம் கேட்டாள், அண்ணன் அது சட்டம் என்றார். கொடி போர்த்தினார்கள், வானத்தை நோக்கிச் சுட்டார்கள், பெரிய மனிதர்கள் வந்து மாலை வைத்தார்கள். வீரமரணம் என்ற சொல்லை அன்று எத்தனை தடவை கேட்டேன் என்று தெரியாது. மைனி பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றாள். அழவே இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். முகத்தையே பார்க்காதவள் எதை வைத்து அழுவாள் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அதற்குப் பிறகு மைனி என்னோடு பேசாமல் இருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். பேசினாள். போனால் சாயா கொடுத்தாள். பசுவுக்குப் பால் குறைந்துவிட்டது, மருந்து வேண்டும் என்றாள். எனக்கே கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது. அவள் என்னிடம் எதையும் கேட்பதில்லை. என்ன மருந்து, எத்தனை வேளை, கன்று எப்போது போடும், இப்படி ஒரு கேள்வி கிடையாது. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போய்க் கடைக்காரனிடம் கேட்டுக்கொள்வாள். என் வீட்டுக்காரி சுகமா என்றுகூடக் கேட்கவில்லை. "ஒனக்க வீட்டுக்காரிக்கு இதக் கொண்டு குடு" என்று பலாப்பழத்தை நீட்டுவாள். ஒருவரிடம் கேள்வி கேட்பது என்றால் அவர் சொல்லுகிற பதிலை நம்புகிறோம் என்று பொருள். எனக்கு அந்தக் கதவு அடைபட்டுவிட்டது. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒரு வருஷம் கழித்து அவனுடைய படைப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவனோடு வேலை செய்த நாய்க்கு வயதாகிவிட்டது, இடுப்பு எலும்பு தேய்ந்திருக்கிறது, பணியிலிருந்து ஓய்வு கொடுக்கிறார்கள், குடும்பத்தார் விரும்பினால் வளர்க்க எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. சம்பவத்தன்று நாயின் பாதத்தில் காயம் என்பதால் அதைக் கொட்டிலிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான் என்ற விவரமும் இருந்தது. அண்ணன் படித்துக் காட்டினார். நானும் இருந்தேன்.

"எனக்கு அது வேண்டாம்" என்றார் அண்ணன். "பாக்கும்போதெல்லாம் அவனுக்க முகம் வரும். என்னால ஏலாது."

மைனி கடிதத்தை வாங்கி மடித்தாள். "காலையில போனவன் வரல்ல. அதுக்கிட்ட யாரு சொல்லியிருப்பா?"

"நாய்க்கிட்டயா?"

"யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. அது இன்னும் வாசலப் பாத்துக்கிட்டுத்தான் கெடக்கும். வரச் சொல்லி எழுதுங்க."

அண்ணன் அன்றே பதில் எழுதினார்.

குழித்துறை ஸ்டேஷனில்தான் நாயும் வந்து இறங்கியது. கறுப்பு லாப்ரடார், பெட்டை, ஒன்பது வயது. பெயர் தாரா. மூக்கைச் சுற்றி நரைத்திருந்தது. கூட வந்த சிப்பாய் இந்திக்காரன், அண்ணனிடம் எல்லாம் சொல்லிக் கொடுத்தான். வெடிமருந்து வாசனை பட்டால் அது குரைக்காது, தோண்டாது. இருந்த இடத்தில் அப்படியே உட்காரும். உட்கார்ந்தால் பந்தைக் கொடுக்க வேண்டும். அது கண்டுபிடித்துச் சொன்னதற்குக் கூலி அந்தப் பந்துதான். புறப்படும்போது அந்தப் பையன் தாராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். மைனி அவனுக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள்.

முதல் வாரம் தாரா விருந்தாளி மாதிரி இருந்தது. அண்ணன் காலையில் ரோட்டில் கூட்டிப் போவார். கல்குவாரியில் பாறைக்கு வெடி வைக்கிற ஒருவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தாரா அவர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் கை இரண்டையும் தூக்கிக்கொண்டு, "அண்ணாச்சி, நான் லைசன்ஸோடதான் வைக்கேன்" என்று கத்தினார். இன்னொரு நாள் கோயில் திருவிழாவுக்கு வெடி அடுக்கி வைத்திருந்த கொட்டகை வாசலில் உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது. கமிட்டிக்காரர்கள் காவலுக்கு ஆள் கிடைத்தது என்றார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போதுதான்.

அடுத்த வாரம் அது சாப்பிடுவதை நிறுத்தியது. திரும்பிப் போகப் போவதில்லை என்று புரிந்ததோ என்னவோ. கேட்டுக்கு நேரே தலையை வைத்துப் படுத்துவிட்டது. பாலுக்கு எழவில்லை, கறிக்கும் எழவில்லை. நாலு நாள் ஆனது. நான் குளுக்கோஸ் ஏற்றினேன். அண்ணன் என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப் போய், "ஏதாவது செய்யிடே. இதுவும் போச்சுண்ணா நான் தாங்க மாட்டேன்" என்று அழுதார். வேண்டாம் என்றவர் அவர்தான்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பெரிய யோசனை என்றுதான் அப்போது நினைத்தேன். "அவனுக்க பெட்டியில துவைக்காத உடுப்பு ஏதாவது இருந்தா மோந்து பாக்கக் குடுங்க. கூடவே இருக்கான்னு நினைச்சு சாப்பிட்டுரும்" என்றேன்.

மைனி ஆராதனைக்குப் போயிருந்தாள். அண்ணன் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு பனியனை எடுத்து வந்தார். தாரா மோந்தது. வால் தரையில் அடித்தது. எழுந்து நின்று, வைத்திருந்த சோறு முழுவதையும் தின்றது. நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

பிறகு அது தேடத் தொடங்கியது.

மூக்கைத் தரையில் வைத்தபடி அறை அறையாகப் போனது. கட்டிலடி, தொழுவம், கிணற்றடி, ரப்பர் ஷீட் காயப்போடுகிற புகைப்புரை. முடித்துவிட்டு மறுபடியும் முதல் அறையிலிருந்து. கட்டிப்போட்டால் கயிறு அறுகிற மாதிரி இழுத்தது. இடுப்பு வலியில் பின்னங்கால் இழுபட்டது, நிற்கவில்லை. தேடச் சொன்னவன் போதும் என்று சொன்னால்தான் அது நிறுத்தும், அப்படித்தான் பழக்கியிருக்கிறார்கள். இது எங்களுக்குத் தெரியாமல் போனதே. மூன்றாம் நாள் பாதம் தேய்ந்து தரையில் திட்டுத் திட்டாக ரத்தம் பட்டிருந்தது, அண்ணன் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே பின்னால் போனார்.

"இதுக்கு என்ன குடுத்திய?" என்று மைனி அண்ணனைக் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லியே" என்றார் அண்ணன்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் கேட்க மாட்டாள் என்று தெரியும். "நான்தான் மைனி. அவனுக்க பனியனைக் குடுக்கச் சொன்னேன். அவன் இருக்கான்னு நினைச்சா தின்னும்னு நான்தான் சொன்னேன்" என்றேன்.



மைனி என்னைத் தாண்டி அண்ணனிடம் போனாள். "பெட்டியோட வேற என்ன வந்தது?"

"உடுப்பு, புத்தகம்..."

"நான் பாக்காதது."

அண்ணன் ஏணி வைத்து மச்சில் ஏறி, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு பையை எடுத்து வந்தார். அன்று அவன் தோளில் மாட்டிப் போன பை. ஒரு பக்கம் கருகியிருந்தது. இவ்வளவு நாளும் அது அந்த வீட்டுக்குள் அவள் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

மைனி கவரைப் பிரித்து முற்றத்து மண்ணில் பையை வைத்தாள். மதிய வெயில். "வா மக்கா" என்று தாராவைக் கூப்பிட்டாள். அது நொண்டிக்கொண்டே வந்தது. பையை மோந்தது, வால் ஆடியது. மூக்கை உள்ளே விட்டது, முனகியது. கருகிய பக்கத்துக்கு வந்தபோது வால் நின்றது. ஒரு அடி பின்னால் போனது. முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தது. பார்வை பையின் மேல் இல்லை. மைனியின் முகத்தில் இருந்தது.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்று மைனி கேட்டாள். அர்த்தம் அவளுக்குத் தெரியும், அண்ணன் வாயால் கேட்க விரும்பினாள்.

"வெடிமருந்து இருக்குண்ணு அர்த்தம்" என்றார் அண்ணன்.

மைனி தரையில் உட்கார்ந்து பைக்குள் கையை விட்டாள். ஒரு பெல்ட், ஒரு பச்சை ரப்பர் பந்து. நாயைக் கூட்டிப் போகாத நாளிலும் பந்தைக் கொண்டு போயிருக்கிறான். அதைத் தாராவிடம் நீட்டினாள். அது வாங்கவில்லை. உட்கார்ந்தபடியே இருந்தது.

"செத்துப் போனான் மக்கா" என்றாள் மைனி. "வெடிச்சு, செத்துப் போனான். இனித் தேடாத. போதும்."

அந்த வீட்டில் அந்தச் சொல்லை அதுவரை யாரும் சொன்னதில்லை. போய்விட்டான், வீரமரணம், ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்றுதான் நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். சொன்ன பிறகு அவள் அழுதாள். ஒரு வருஷத்து அழுகை. அண்ணன் பக்கத்தில் போனபோது நாயைக் காட்டி, "இத்தன பேரு இருந்திய. எனக்கிட்ட நேரா வந்து சொன்னது இது ஒண்ணுதான்" என்றாள். நான் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

நாய்க்கு அது புரிந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மூன்று நாள் அலைந்து களைத்தும் இருக்கலாம். அன்று சாயங்காலம் கொஞ்சம் கஞ்சி குடித்தது. தேடுவதை விட்டுவிட்டது. நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். மைனியும் இதற்கு மேல் யாரிடமும் கதை சொல்லவில்லை.

தாரா அதன் பிறகு இரண்டரை வருஷம் இருந்தது. மைனி பால் கறக்கும்போது பக்கத்தில் கிடக்கும், ஆராதனைக்குப் போனால் வாசலில் செருப்புகளுக்கு நடுவே கிடக்கும். அண்ணன்தான் அதன் மேல் பைத்தியமாகிவிட்டார். தான் சாப்பிடுமுன் அதற்கு வைப்பார், இடுப்புக்கு எண்ணெய் தேய்ப்பார். அந்த இரண்டரை வருஷமும் நான் வாரம் ஒரு தடவை போனேன். சாயா வந்தது, பலாப்பழம் வந்தது, கேள்வி வரவில்லை. நானும் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அவளிடம் வெறும் வாயால் கேட்டு ஆகக்கூடிய காரியம் இல்லை அது.

கடைசியில் தாராவின் வயிற்றில் நீர் கோத்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மருந்து எழுதி, அண்ணனிடம் "பார்ப்போம்" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அண்ணன் தேறிவிடும் என்று நம்பத் தொடங்கினார். தினமும் ஊசி போட நான் போனேன். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊசியைப் போட்டுவிட்டுப் பையை மூடிக்கொண்டிருந்தேன். மைனி நாயின் தலையை மடியில் வைத்துத் தரையில் இருந்தாள்.

"தம்பி."

"என்ன மைனி?"

"இது தேறுமா?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. மைனி என்னைத்தான் கேட்டிருக்கிறாள். 'அதெல்லாம் சரியாயிரும்' என்கிற என் தொழில் வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது, இத்தனைக்குப் பிறகும். அதை விழுங்கினேன்.

"தேறாது மைனி. ஞாயிற்றுக்கிழமை தாண்டாது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பவில்லை.

"செரி" என்றாள். பிறகு, "அவரு அடுக்களையில நிக்காரு. அவருக்கிட்ட இன்னும் யாரும் சொல்லல்ல. நீ போய்ச் சொல்லு."

எழுந்து உள்ளே போனேன். அண்ணன் அடுப்பின் முன்னால் நின்று தாராவுக்குக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"காலையில ரெண்டு வாய் கூடுதல் குடிச்சுதுடே, கேட்டியா?"

அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கி வைத்தேன். அடுப்பை அணைத்தேன். "கொஞ்சம் இரியுங்க அண்ணே" என்றேன்.